மனப்பாடமும் காரணமும்: மறையூர் மலையின் இருபுறமும் கணக்குக் கல்வியின் வரலாறு

கணக்குப் போடும் மாணவர் சிந்திக்கிறாரா, வெறுமனே ஒப்பிக்கிறாரா? கல்வியியல் ஆய்வேடுகளில் இன்று மிகுதியாக எழுப்பப்படும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. இத்தகைய ஆய்வேடுகள் பெரும்பாலும் இரு பெயர்களிலிருந்து தொடங்குகின்றன. ஒருவர் ஜான் டூயி. 1910இல் வெளிவந்த தம் நூலில், ஒரு கருத்தை அது நிற்கும் ஆதாரங்களோடு சேர்த்து ஆராய்வதே மீள்நோக்குச் சிந்தனை என விளக்கியவர். மற்றவர் ஜார்ஜ் போலியா; 1945இல் கணக்குத் தீர்ப்பதை நான்கு படிகளாகப் பிரித்து, விடை கிடைத்த பின் திரும்பிப் பார்ப்பதை இறுதிப் படியாக வைத்தவர். இருவரும் படிக்கப்பட வேண்டியவர்களே. ஆயினும் இக்கேள்வி நம் நிலத்திற்கு அவர்கள் வழியாகத்தான் வந்தது எனக் கொள்வது பொருந்தாது. காரணம் சொல்லுதல், காரணம் கேட்டல், காரணம் தெரியாமலே சரியாகக் கணக்கிடுதல் ஆகிய மூன்றுக்கும் இங்கே சில நூற்றாண்டு வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதியை மட்டும் இப்பதிவில் எழுதுகிறேன். சற்று நீளமான பதிவு. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

இவ்வரலாற்றைப் பார்க்க மறையூர் ஏற்ற இடம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் வட்டத்தில், அஞ்சுநாடு எனப்படும் மலைப்பகுதியில் அமைந்த ஊர் அது. கல்திட்டைகளும் சந்தனக் காடும் கரும்பும் அதன் அடையாளங்கள். அங்குக் காய்ச்சப்படும் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது, தமிழ் பேசுவோர் மிகுந்த இப்பகுதி கேரளத்தில் நின்றது. மறையூர் வழியாக ஓடும் பாம்பாறு கிழக்கே இறங்கி அமராவதியில் கலக்கிறது. அமராவதி கரூருக்கு அருகே காவிரியைச் சேர்கிறது. அதே ஆனைமலைத் தொடரில் பிறக்கும் ஓடைகள் மேற்கே இறங்கிப் பாலக்காடு வழியாகப் பாரதப்புழையாகின்றன. அந்தப் பாரதப்புழையின் கீழ்ப்பகுதியில், 16ஆம் நூற்றாண்டில், கணக்கின் காரணங்களை மட்டுமே பேசும் நூலொன்று மலையாள உரைநடையில் எழுதப்பட்டது. காவிரி பாயும் சமவெளியிலோ, காரணத்தை எழுதிவைக்காத, ஆனால் வியக்கத்தக்க கணக்குத் திறனை வளர்த்த திண்ணைப் பள்ளிகள் இருந்தன. ஒன்றைச் சிந்தனை மரபு என்றும் மற்றதை மனப்பாட மரபு என்றும் பிரிப்பது எளிது. அப்பிரிவு எவ்வளவு தூரம் சரி என்பதே என் கேள்வி.

1825: சோழிகளும் ஒரு கிரகணமும்

ஐரோப்பியர் ஒருவரின் பதிவிலிருந்து தொடங்கலாம். ஜான் வாரன் என்னும் படை அதிகாரி, தென்னிந்தியக் காலக்கணக்கு முறைகளைத் தொகுத்து 'கால சங்கலிதம்' என்னும் நூலை 1825இல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் தாம் சந்தித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி அதில் எழுதுகிறார். அக்கணிதர் சோழிகளைத் தரையில் வைத்தும் நகர்த்தியும், மனத்தில் இருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டும், 1825 மே 31, ஜூன் 1 இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். எழுதி வைத்த அட்டவணை எதுவும் அவர் கையில் இல்லை. பிற்காலத்தில் ஓட்டோ நொய்கபவர் 1952இல் இக்கணிப்பை ஆராய்ந்து, தொடக்க நேரத்தில் 4 நிமிடமும், நடுப்பகுதியில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்ததாகக் காட்டினார். சோழியும் நினைவும் கொண்டு செய்த கணக்கிற்கு இது பெருஞ்சாதனை.

ஆனால் வாரனுக்கு உறுத்தியது வேறொன்று. அக்கணிதருக்கு வானியற் கோட்பாடு எதுவும் தெரியாது என்றும், தாம் செய்யும் ஒவ்வொரு படிக்கும் அவரால் காரணம் கூற இயலவில்லை என்றும் அவர் கருதினார். கை சரியாக வேலை செய்கிறது, கருத்து அங்கே இல்லை என்பதே அவர் பார்வையின் சுருக்கம். பின்வந்த இருநூறு ஆண்டுகளில் நம் மாணவர்களைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வறிக்கைகள் பலவற்றிலும் இதே தீர்ப்பின் எதிரொலியைக் கேட்கலாம்.

இத்தீர்ப்பில் ஓர் உண்மை உண்டு. ஒரு குறையும் உண்டு. உண்மை, அந்த 52 நிமிடத்தில் இருக்கிறது. காரணம் அறியாத கணிதர் பிழை நேர்ந்தபின் அதைத் திருத்த வழியற்றவர். எந்த வாக்கியத்தில், எந்தப் படியில் தவறு புகுந்தது என்பதை வாக்கியங்களே சொல்லமாட்டா. குறை யாதெனில், வாரன் ஒரு நெடிய சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் பார்த்தார். அக்கணிதரின் மனத்திலிருந்த வாக்கிய முறை, சந்திரனின் நிலையை 248 நாட்களுக்கு 248 சொற்றொடர்களாக வடித்து, எழுத்துகளுக்கு எண்மதிப்புத் தரும் கடபயாதி முறையால் நினைவில் இருத்துவது. அம்முறை கேரளத்திற்கும் தமிழகத்திற்கும் பொதுவானது. சங்கமகிராமத்து மாதவர் (ஏறத்தாழ 1340–1425) அவ்வாக்கியங்களையே மீண்டும் கணித்து நுண்மையாக்கினார். ஒப்பித்தவரும் திருத்தியவரும் ஒரே மரபினர்; வேலை பிரிந்திருந்தது, அவ்வளவே.

திண்ணையில் நடந்தது என்ன?

தமிழ்ச் சமவெளியின் திண்ணைப் பள்ளிகளிலும் இதே புகார் எழுந்தது. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டுமாறு ஆட்சியர்களைக் கேட்டார். 1826இல் அவர் தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். இம்முயற்சியின் பகுதியாக 1823இல் பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்ப்பெல் அனுப்பிய அறிக்கை அடிக்கடி மேற்கோளாகக் காட்டப்படுவது. மூத்த மாணவர் இளையவர்க்குச் சொல்லிக்கொடுத்து, அதன் வழியே தம் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்ளும் முறையை அவர் பாராட்டுகிறார். அதே அறிக்கையில், செய்யுள்களைப் பொருள் அறியாமல் ஒப்பிக்கின்றனர் எனக் குறைகூறவும் செய்கிறார். பாராட்டும் குறையும் ஒரே வழக்கத்தைப் பற்றியவை என்பதை அவர் கவனிக்கவில்லை. பிறர்க்குச் சொல்லிக்கொடுப்பவர் தாம் சொல்வதைத் தாமே கேட்கிறார்; சிறுவன் தவறும்போது எங்கே தவறினான் என்று தேடுகிறார். மீள்நோக்கு என்று நாம் சொல்வதன் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது.

இதே முறை அதற்கு முன்பே ஆங்கிலேயர் கவனத்தை ஈர்த்திருந்தது. ஆண்ட்ரூ பெல் 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற மகன்களுக்கான இல்லத்தை நடத்தினார். மணலில் எழுதிப் பழகும் 'மலபார்ப்' பள்ளிச் சிறுவரைக் கண்டு, மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை வகுத்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. மொழியியல் பயின்ற எனக்கு இங்கே ஒரு குறிப்பு முக்கியம்: அக்கால ஐரோப்பியர் தமிழையும் 'மலபார்' என்றே வழங்கினர். அப்பெயரை வைத்துக்கொண்டு அப்பள்ளியை இன்றைய கேரளத்தில் தேட வேண்டியதில்லை.

திண்ணைப் பள்ளியின் கணக்கு நூல் எண்சுவடி. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று எனப் பல வாய்பாடுகளின் தொகுப்பு அது. விடியற்காலையிலும் மாலையிலும் ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்வது 'முறை சொல்லுதல்'. அதை மேற்பார்ப்பவர் சட்டாம்பிள்ளை. இவ்வாழ்வை உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் விரிவாக எழுதியுள்ளார். வெளியிலிருந்து கேட்பவர்க்கு இது வெறும் ஓசை. உள்ளே நடந்ததைப் பற்றி வரலாற்றாய்வாளர் த. செந்தில்பாபு விரிவாக ஆராய்ந்திருக்கிறார். திண்ணைப் பள்ளியில் நினைவு என்பது கற்றலுக்கு மாற்று அன்று, கற்றலின் ஒரு வழியே என்பது அவர் வாதம்.

அவ்வாதத்தை ஓர் எடுத்துக்காட்டால் சோதிக்கலாம். முந்திரி 1/320, நான்கு முந்திரி ஒரு காணி, 1/80, நான்கு காணி ஒரு மா, 1/20, ஐந்து மா ஒரு கால். இவ்வரிசையை ஒப்பிக்கும் சிறுவன் பெயர்களை மட்டும் ஒப்பிக்கவில்லை. ஒன்று மற்றொன்றில் எத்தனை முறை அடங்கும் என்னும் உறவையும் சேர்த்தே ஒப்பிக்கிறான். முக்காலை முக்காலால் பெருக்கினால் இன்றைய மாணவர் 9/16 என எழுதுவார். எண்சுவடியின் விடை 'அரையே வீசம்', அதாவது 1/2உம் 1/16உம். இரண்டும் ஒரே அளவுதான். ஆனால் இரண்டாவதில், விடை அரைக்குச் சற்றே மேல் என்பது சொல்லிலேயே இருக்கிறது. முக்காலில் முக்கால் பங்கு, முக்காலுக்குக் குறைவாகவும் அரைக்கு அருகிலும் இருக்க வேண்டும் என்பதைச் சிறுவன் காதாலேயே சரிபார்க்கலாம். 9/16 என எழுதியவர் அது பெரிதா சிறிதா என்று தனியே யோசிக்க வேண்டும், பலர் யோசிப்பதில்லை. எண்சுவடிகள் பலவற்றில் வாய்பாட்டின் இறுதியில் அதன் கூட்டுத்தொகையும் தரப்பட்டிருக்கும். ஒப்பித்ததில் ஒரு வரி பிசகினால் தொகை காட்டிக்கொடுத்துவிடும். சரிபார்த்தலுக்கென ஒரு கருவி மனப்பாடத்துக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தது.

ஆகவே திண்ணையில் சிந்தனை இல்லை என்பது தவறு. ஆனால் அங்கிருந்த சிந்தனைக்கு எல்லை இருந்தது. விடையின் அளவு பொருந்துகிறதா என்று அது கேட்கும். விதி ஏன் சரி என்று கேட்காது.

பலாச்சுளையும் வட்டமும்

அவ்வெல்லையைக் காண, காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்திற்குச் செல்ல வேண்டும். தமிழில் மிகுதியாகப் படிக்கப்பட்ட கணக்கு நூல் அது. அதில் இரு விதிகளை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது: பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளின் எண்ணிக்கையை அறிய வேண்டுமானால், காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் நூறு என்றால் சுளை நூற்றிருபது. இரண்டாவது: வட்டத்தின் பரப்பை அறிய வேண்டுமானால், விட்டத்தில் பாதியைச் சுற்றளவில் பாதியால் பெருக்க வேண்டும்.

முதலாவது ஒரு மதிப்பீடு. பழத்துக்குப் பழம் மாறக்கூடியது. அனுபவத்தில் பிறந்ததாயினும், எப்போது பொய்க்கும் என்று அதனால் சொல்ல முடியாது. இரண்டாவது எந்த வட்டத்துக்கும், எக்காலத்துக்கும் பொருந்தும் உண்மை. 'பை' என்னும் எண்ணின் மதிப்பு இன்னதென்று தெரியாவிட்டாலும் அது சரியாகவே வரும்.

இங்கே மொழியியலாளர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இவ்விரு விதிகளும் ஒரே இலக்கண வடிவில் அமைந்தவை. முதலில் நிபந்தனை எச்சம், அதன்பின் வினையெச்சங்களின் வரிசை, இறுதியில் முற்று: அறிய வேண்டின், எண்ணி, பெருக்கி, வகுத்து, இன்னது வரும். எது மதிப்பீடு, எது மெய்ப்பிக்கப்பட்டது என்பதைக் காட்டும் குறி எதுவும் வாக்கியத்தில் இல்லை. மனப்பாடம் செய்யும் மாணவர்க்கு இரண்டும் சம மதிப்புடையவை. ஆசிரியர் வாய்மொழியாக வேறுபடுத்திச் சொல்லியிருந்தால் மட்டுமே அவ்வேறுபாடு நிலைத்திருக்கும். சொல்லாவிட்டால் நூல் அதைக் காப்பாற்றாது.

இன்றைய பாடநூல்களும் இவ்வகையில் பெரிதும் மாறிவிடவில்லை. 'வாய்பாடு' என்னும் சொல் இன்று பெருக்கல் அட்டவணையையும் சூத்திரத்தையும் குறிக்கிறது. கட்டத்துக்குள் அச்சிடப்பட்ட சூத்திரம், அது வரையறையா, மெய்ப்பிக்கப்பட்ட தேற்றமா, தோராயமா என்பதை மாணவர்க்கு அறிவிப்பதில்லை. 22/7 என்பது 'பை'யின் தோராய மதிப்பு என்பதையும், வட்டப் பரப்பின் சூத்திரம் தோராயம் அன்று என்பதையும் பிரித்தறியாமலே பள்ளிப் படிப்பை முடிப்போர் உண்டு.

யுக்தியும் உத்தியும்

பாரதப்புழையின் கீழ்ப்பகுதியில் இவ்வேறுபாட்டைக் காக்கவே ஒரு நூல் எழுந்தது. ஜ்யேஷ்டதேவர் ஏறத்தாழ 1530இல் எழுதிய 'யுக்திபாஷா', நீலகண்ட சோமயாஜியின் 'தந்திரசங்கிரகம்' (1500 அளவில்) கூறும் கணக்கு முறைகளுக்குக் காரணங்களை விளக்குவது. மேற்சொன்ன வட்டப் பரப்பு விதி அதில் எவ்வாறு விளக்கப்படுகிறது எனப் பார்க்கலாம். வட்டத்தை இரு பாதியாக அறுக்க வேண்டும். ஒவ்வொரு பாதியையும் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சம துண்டுகளாக, விளிம்பு மட்டும் விடாமல், கீற வேண்டும். பின் விளிம்பை நேராக்கி விரித்தால் ஒவ்வொரு பாதியும் கூர்முனைகள் வரிசையாக நிற்கும் சீப்புப் போலாகும். ஒரு சீப்பின் முனைகளை மற்றதன் இடைவெளிகளில் பொருத்தினால் ஒரு செவ்வகம் கிடைக்கும். அதன் நீளம் சுற்றளவில் பாதி. அகலம் விட்டத்தில் பாதி. துண்டுகள் மிகச் சிறியனவாக ஆக ஆகச் செவ்வகம் துல்லியமாகும்.

மறையூரில் வெல்லம் காய்ச்சும் வட்டக் கொப்பரையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாயின் குறுக்கே ஒரு கயிறு 7 அடி. விளிம்பைச் சுற்றி ஒரு கயிறு 22 அடி. இரண்டையும் பாதியாக மடித்தால் மூன்றரை, பதினொன்று. வாயின் பரப்பு முப்பத்தெட்டரை சதுர அடி. கணக்கதிகாரத்தைக் கற்றவரும் யுக்திபாஷாவைக் கற்றவரும் இவ்விடையையே சொல்வர். கொப்பரையின் வாய் வட்டமாக இல்லாமல் நசுங்கியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டால்தான் வேறுபாடு தெரியும். துண்டுகளைப் பொருத்திப் பார்த்தவர், துண்டுகளெல்லாம் ஒரே நீளத்தில் இருந்ததால்தான் விதி நின்றது என்பதை உணர்ந்து, இங்கே அது செல்லாது என்பார். விதியை மட்டும் அறிந்தவர் பெருக்கிவிடுவார்.

இந்நூலின் மொழியும் நோக்கத்தக்கது. வானியலும் கணிதமும் வடமொழிச் செய்யுளில் எழுதப்பட்ட காலத்தில், காரணம் சொல்ல வந்தபோது அவர் தாய்மொழி உரைநடையைத் தேர்ந்தார். 'ஆகயால்', 'என்னால்' போன்ற, தமிழர்க்கும் எளிதில் விளங்கும் இணைப்புச் சொற்கள் அவ்வுரைநடையைத் தாங்கி நிற்கின்றன. விதி செய்யுளில் நிற்கும். காரணத்துக்குப் பேச்சு வேண்டும். தமிழில் 'உத்தி' என நாம் வழங்குவதை 'யுக்தி'யின் வடிவமாகக் கொள்வது வழக்கம். இன்றைய தமிழில் உத்தி என்றால் காரியத்தை முடிக்கும் வழி. யுக்திபாஷாவில் யுக்தி என்றால் அவ்வழி ஏன் சரி என்னும் நியாயம். கணக்கு வகுப்பில் நாம் முதலாவதைக் கற்றுக்கொடுத்துவிட்டு இரண்டாவது தானே வரும் என எதிர்பார்க்கிறோம்.

மலையைக் கடந்த கேள்விகள்

இதுவரை சொன்னதிலிருந்து, மேற்கே காரணம், கிழக்கே மனப்பாடம் என்னும் முடிவுக்கு ஒருவர் வரக்கூடும். அதற்கு எதிரான சான்று ஒன்று உண்டு. நீலகண்ட சோமயாஜியின் காலத்தில் தமிழகத்தில் சுந்தரராஜர் என்னும் வானியலார் இருந்தார். தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதத்தின் அடிப்படை நூலான 'வாக்கியகரண'த்துக்கு 'லகுபிரகாசிகை' என்னும் உரை எழுதியவர் அவர். டி. எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் பதிப்பித்து 1962இல் சென்னையில் அது வெளிவந்தது. இந்தச் சுந்தரராஜர் வானியலில் தமக்கு எழுந்த ஐயங்களை நீலகண்டரிடம் கேட்க, அவர் அளித்த விடைகள் 'சுந்தரராஜ பிரச்நோத்தரம்' என்னும் தனி நூலாயின. அந்நூல் இன்று கிடைக்கவில்லை. அது இருந்தது என்னும் செய்தி மட்டும் கிடைக்கிறது.

வாக்கியங்களை ஒப்பிக்கும் மரபின் உள்ளிருந்தே ஒருவர் 'ஏன்' என்று கேட்டிருக்கிறார். மலைக்கு அப்பாலிருந்து விடை வந்திருக்கிறது. வாக்கியகரணத்தின் வழிவந்த ஒருவரைத்தான் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வாரன் புதுச்சேரியில் சந்தித்தார். அவர் சந்தித்தவரால் காரணம் சொல்ல இயலவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். அதைக் கொண்டு அம்மரபுக்கே காரணம் தெரியாது என்பது பொருந்தாது.

வாரனின் நூலிலேயே இதற்கு மற்றுமொரு சான்று உண்டு. கேரளக் கணிதரின் முடிவிலித் தொடர்களைப் பற்றி அவருக்குச் செய்தி எட்டியிருந்தது. அவை ஐரோப்பியரிடமிருந்து வந்தவையாகவே இருக்க வேண்டும் என்னும் கருத்தும் அந்நூலில் பதிவாகியுள்ளது. விடை சரியாக இருந்தபோதும் அதை இவர்களே எண்ணிக் கண்டிருக்க முடியும் என்பதை நம்ப அக்கால அதிகாரிகளுக்கு மனம் வரவில்லை. மலபாரில் பணியாற்றிய சார்லஸ் விஷ், யுக்திபாஷா உள்ளிட்ட நூல்களைச் சுட்டி எழுதிய கட்டுரை 1834இல் அச்சானது. அதன் பின்னும் யுக்திபாஷா 1948இல்தான் திருச்சூரில் குறிப்புகளுடன் அச்சேறியது, கே. வி. சர்மாவின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 2008இல் வந்தது. காரணம் எழுதப்பட்டிருந்தும், அது எழுதப்பட்ட மொழியைப் படிக்காதவர்களுக்கு அது இல்லாததாகவே இருந்தது.

இதைப் பெருமைக்காக மட்டும் சொல்லி முடிக்க இயலாது. யுக்தி, சில இல்லங்களிலும் சில குரு–சீட வரிசைகளிலும் மட்டுமே சுழன்றது. திண்ணைப் பள்ளியும் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. மன்றோவின் கணக்கெடுப்பில் பெண் குழந்தைகள் மிகச் சிலரே. காரணம் கேட்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே.

பரிசோதகர் வருகை

1860களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில், தேர்வு முடிவுக்கு ஏற்ப மானியம் வழங்கும் முறை பரவியது. பரிசோதகர் பள்ளிக்கு வந்து மாணவரை ஒவ்வொருவராகச் சோதிப்பார். தேறியோர் எண்ணிக்கையைப் பொறுத்து ஆசிரியர்க்குப் பணம். இதன் விளைவை ஊகிப்பது கடினம் அன்று. காணியும் முந்திரியும் நெல்லும் நிலமும் சார்ந்த கணக்குகள் மெல்ல விலகின. அவற்றோடு அளவறிந்து சரிபார்க்கும் பழக்கமும் சென்றது. ஆனால் ஒப்பித்தல் மட்டும் போகவில்லை. தேர்வுக்கு அதுவே ஏற்றதாயிருந்ததால் முன்னினும் வலுப்பெற்றது. மனப்பாடத்தைக் குறைகூறி வந்த ஆட்சி, மனப்பாடத்தின் உள்ளிருந்த சிந்தனையை நீக்கி ஓசையை மட்டும் நிலைநிறுத்தியது. இன்று 'பழைய முறை' என நாம் பழிக்கும் பொருளறியா ஒப்பித்தலில் பெரும்பகுதி, திண்ணையைக் காட்டிலும் இத்தேர்வு முறைக்கே கடன்பட்டது என்பது என் கருத்து.

2005இன் தேசியக் கலைத்திட்டத்திற்காகக் கணிதக் கல்வி பற்றி ஆராய்ந்த குழுவுக்குச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். இராமானுஜம் தலைமை ஏற்றார். குழந்தையின் சிந்தனையைக் கணித வழிப்படுத்துவதே கணிதக் கல்வியின் முதன்மை நோக்கம் என்று அக்குழு கூறியது. இருபது ஆண்டுகள் கடந்தபின்னும் வகுப்பறைக்கும் அந்நோக்கத்துக்கும் இடையே தூரம் இருக்கிறது. அத்தூரத்தின் ஒரு பகுதி மொழி சார்ந்தது என நினைக்கிறேன்.

மறையூர் வகுப்பறையில் கேட்க வேண்டியது

தேவிகுளம் வட்டத்தில் வீட்டில் தமிழ் பேசும் குழந்தைகள் தமிழ்வழியிலோ மலையாளவழியிலோ ஆங்கிலவழியிலோ கணக்குப் படிக்கின்றனர். முதுவர் குடியிருப்புகளிலிருந்து வரும் குழந்தைகளுக்கு வீட்டு மொழி இம்மூன்றுமே அன்று. மலையாளப் பாடநூலின் பரப்பளவு, சுற்றளவு ஆகிய சொற்கள் தமிழ்க் குழந்தைக்கு அந்நியமானவை அல்ல. ஆனால் பெருக்கல் அங்கே 'குணனம்', வகுத்தல் 'ஹரணம்', விட்டம் 'வ்யாசம்'. கலைச்சொல்லைக் கற்பது ஒரு தடை. அதை ஒரு பருவத்தில் கடந்துவிடலாம். காரணம் சொல்லும் வாக்கியத்தை இன்னொரு மொழியில் கட்டுவதுதான் கடினமான தடை.

தமிழில் காரணம் எப்போதும் 'ஏனெனில்' என்னும் சொல்லோடு வருவதில்லை. 'மழை பெய்து ஏரி நிரம்பியது' என்றால், பெய்தல் முதலில், நிரம்புதல் பின்னர் என்னும் வரிசை மட்டும் அதில் இல்லை. பெய்ததால் நிரம்பியது என்னும் காரணமும் அந்த வினையெச்சத்துக்குள்ளேயே இருக்கிறது. பேச்சில் ஒரு சிறுமி, 'ரெண்டையும் பாதியாக்குனா அதுவும் சமமா வரணும்ல' என்றால், 'வரணும்' என்பதில் உள்ள 'வேண்டும்' அங்கே கட்டளை அன்று. வேறு வழியில்லை என்னும் தருக்க முடிபு. இது முழுமையான நியாயம். ஆனால் விடைத்தாளில் அவள் எழுதுவது 'தீர்வு', நான்கு வரி எண்கள், 'எனவே விடை' என்பவையே. அந்த 'எனவே' பல நேரங்களில் எதையும் எதனோடும் இணைப்பதில்லை, வழக்கத்தால் வருகிறது. ஏனெனில், எனவே ஆகிய சொற்களை எண்ணி மாணவரின் நியாய அறிவை அளக்கும் ஆய்வு, முதலாமவளின் நியாயத்தைத் தவறவிடும். காரணமின்றி 'எனவே' எழுதியவருக்கு மதிப்பெண் தரும். மாணவரின் சிந்தனையைப் பற்றிய ஆய்வில் எழுத்துவிடையை மட்டும் தரவாகக் கொள்வோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். சோழி நகர்த்தியவரை மதிப்பிட்ட வாரனின் நிலையிலேயே நாமும் நிற்க நேரும்.

எதிர்ப்புறத்திலும் எச்சரிக்கை தேவை. குழந்தையின் பேச்சிலேயே எல்லா நியாயமும் இருக்கிறது என்று கொண்டாடி நிறுத்திக்கொண்டால், அவளைப் பலாச்சுளை விதியோடும் வட்ட விதியோடும் ஒரே தட்டில் விட்டுவிடுகிறோம். எது எப்போதும் சரி, எது பெரும்பாலும் சரி, எது எப்போது உடையும் என்று பிரித்துச் சொல்லும் வாக்கியங்களை அவளுக்குப் பழக்க வேண்டும். அதற்கு அவள் பேசும் மொழியில் முதலில் இடம் கொடுக்க வேண்டும். பின்னர் அதைத் தமிழ் எழுத்துநடைக்கும், வேண்டுமானால் மலையாளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கொண்டுசெல்லலாம். ஜ்யேஷ்டதேவர் செய்ததும் இதுவே. அவர் புதிய விதிகளைத் தேடிச் செல்லவில்லை. இருந்த விதிகளை, தம்மைச் சுற்றியிருந்தோர் பேசிய மொழியில், ஏன் என்று விளக்கினார்.

ஆசிரியர்களும் ஆய்வு மாணவரும் எளிதில் செய்துபார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். விடை வந்தபின் 'எப்படிச் செய்தாய்' என்று கேட்டால் செய்வழி மட்டுமே கிடைக்கும்: பெருக்கினேன், கூட்டினேன், வகுத்தேன். அதை விடுத்து, 'இந்த வழி எந்தக் கணக்கில் செல்லாது' என்று கேட்டுப் பாருங்கள். விதியை ஒப்பித்தவர் அங்கே தயங்குவார். காரணத்தை அறிந்தவர், அதைச் சொல்லத் தமக்கு மொழி குறைந்தாலும், நசுங்கிய கொப்பரையைக் கையால் வரைந்தாவது காட்டுவார். அதையும் விடையாக ஏற்றுப் பதிவு செய்யும் ஆய்வுமுறைகள் நமக்கு வேண்டும். சுந்தரராஜர் கேட்ட கேள்விகள் தொலைந்துவிட்டன. இன்றைய வகுப்பறைகளில் கேட்கப்படும் கேள்விகளையேனும் எழுதிவைக்கலாம்.